சினம் தணிந்த மலையும் சினம் தணியாத நகரமும்

அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தை அளந்து பிரித்துவிடலாம். பாத்திரம் பண்டங்களை எண்ணிப் பிரித்துவிடலாம். கிணற்றுக்குக்கூட முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் பூஜை அறை? தாத்தா காலத்திலிருந்து விளக்கு எரிந்துகொண்டிருக்கும் அந்த ஓர் அறை யாருக்கு? பஞ்சாயத்துக்கு வந்த பெரியவர்கள் திண்டாடிப் போவது இந்த இடத்தில்தான்.

யோசித்துப் பார்த்தால் மூன்று வழிகள்தான் உண்டு. நடுவில் சுவர் எழுப்பி அறையையே இரண்டாக்கலாம். அல்லது, "இருவருக்கும் வேண்டாம், சாவி பொது மனிதர் ஒருவரிடம் இருக்கட்டும்" என்று தீர்ப்புச் சொல்லலாம். அல்லது, ஒருவர் பங்கில் சேர்த்துவிட்டு, மற்றவர் குடும்பத்தோடு எப்போது வேண்டுமானாலும் வந்து கும்பிட்டுப் போகலாம் என்று ஏற்பாடு செய்யலாம்.

தேசங்கள் பாகம் பிரியும்போதும் இதே திண்டாட்டம்தான். உலகம் முழுவதும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் ஜெரூசலம் நகரத்தின் கதை அதுதான். நம் வீட்டு வாசலில், சென்னையிலிருந்து மின்சார ரயிலேறினால் போய்ச் சேரக்கூடிய திருத்தணியின் கதையும் அதுதான். அங்கே தீராத வழக்கு இங்கே தீர்ந்தது. எப்படித் தீர்ந்தது, தீர்ந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை இன்றைய தலைமுறையில் பலர் அறியமாட்டார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் குழந்தைகளை அழைத்துக்கொண்டு 365 படிகளையும் எண்ணி எண்ணி ஏறுகிற நம் சகோதரிகளிடம், "இந்த மலை ஒரு காலத்தில் ஆந்திர ராஜ்யத்தில் இருந்தது தெரியுமா?" என்று கேட்டால், "நிஜமாகவா?" என்றுதான் கேட்பார்கள். நிஜந்தான்!

சாவி வாங்க ஆள் இல்லை

முதலில் ஜெரூசலத்தைப் பார்த்துவிடுவோம். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று சமயத்தாருக்கும் அது புண்ணிய ஸ்தலம். யூதர்கள் கைவைத்துப் பிரார்த்திக்கும் மேற்கு மதில், ஏசுநாதரின் கல்லறை இருந்த இடம் என்று கிறிஸ்தவர்கள் போற்றும் தேவாலயம், முஸ்லிம்களின் அல் அக்ஸா மசூதி, மூன்றும் ஒரே கோட்டைக்குள் இருக்கின்றன. அந்தப் பழைய நகரத்தின் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு!

பாலஸ்தீனத்தை ஆண்டுவந்த பிரிட்டிஷார் புறப்படத் தயாரானபோது, ஐக்கிய நாடுகள் சபை 1947 நவம்பர் 29ஆம் தேதி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆதரவாக 33 நாடுகள், எதிராக 13, நடுநிலை வகித்தவை 10. யூதருக்கு ஒரு நாடு, அரபியருக்கு ஒரு நாடு, ஜெரூசலம் மட்டும் இருவருக்கும் இல்லை என்பது அதன் சாரம். பெத்லஹேம் உள்ளிட்ட சுற்றுவட்டாரத்தோடு சேர்த்து அந்த நகரத்தைச் சர்வதேச நிர்வாகத்தில் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஐ.நா.வின் தர்மகர்த்தா சபை ஒரு கவர்னரை நியமிக்கும். அவர் அந்த இரு நாடுகளில் எதற்கும் குடிமகனாக இருக்கக் கூடாது. போலீஸாரையும் வெளியிலிருந்தே கொண்டுவர வேண்டும். நகரத்தில் ராணுவமே கூடாது. பத்து வருஷம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, பிறகு ஊர் ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது என்பது ஏற்பாடு.

அந்தத் தீர்மானத்தை எதிர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பாலஸ்தீனத்தை இரண்டாக வெட்டாமல், இரு இனத்தாரும் சேர்ந்த ஒரே கூட்டாட்சியாக வைத்து, ஜெரூசலத்தையே அதற்குத் தலைநகராக்கலாம் என்று இந்தியா, ஈரான், யுகோஸ்லாவியா ஆகிய மூன்று நாடுகளின் பிரதிநிதிகளும் யோசனை சொல்லியிருந்தார்கள். அது எடுபடவில்லை.

காகிதத்தில் பார்க்க எவ்வளவு அழகான திட்டம்! ஆனால் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டிய பொது மனிதர் வந்து சேருவதற்குள் வீட்டில் அடிதடி தொடங்கிவிட்டது. யூதத் தலைவர்கள் தீர்மானத்தை ஏற்றார்கள், அரபியர்கள் ஏற்கவில்லை. 1948 மே மாதம் பிரிட்டிஷார் கப்பலேறியதும் யுத்தம் மூண்டது. சமரசம் பேசப் போன ஐ.நா. தூதர் பெர்னடாட் பிரபு அதே வருஷம் செப்டம்பரில் ஜெரூசலம் வீதியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1949 ஏப்ரலில் சண்டை நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானபோது நகரத்தின் மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும், பழைய கோட்டை நகரம் அடங்கிய கிழக்குப் பகுதி ஜோர்டானிடமும் இருந்தன. நடுவே முள்வேலி. கடந்து செல்ல மாண்டல்பாம் வாசல் என்று ஒரே வழி.

1950இல் தர்மகர்த்தா சபை, நகரத்தை எப்படி நிர்வகிப்பது என்று சட்டதிட்டம் எல்லாம் எழுதி முடித்தது. ஆளுக்குப் பாதியைப் பிடித்து வைத்திருந்த இருவருமே கொடுக்க மறுத்துவிட்டார்கள். 1967 யுத்தத்தில் கிழக்குப் பகுதியையும் இஸ்ரேல் பிடித்துக்கொண்டது. 1980இல் முழு நகரமும் தன் தலைநகர் என்று சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செல்லாது என்று ஐ.நா. பாதுகாப்புச் சபை சொன்னது. கிழக்கு ஜெரூசலம்தான் எங்கள் தலைநகர் என்கிறார்கள் பாலஸ்தீனியர்கள். வழக்கு இன்னும் நிற்கிறது. சாவியை வைத்துக்கொள்ள வேண்டிய தர்மகர்த்தா சபையோ, தன் பொறுப்பில் இருந்த கடைசிப் பிரதேசமும் சுதந்திரம் பெற்ற பிறகு 1994இல் பணியை நிறுத்திக்கொண்டுவிட்டது!

ஊர் நகரவில்லை, ஜில்லா நகர்ந்தது

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

சூரனை வென்ற முருகப் பெருமான் சினம் தணிந்து அமர்ந்த இடம் தணிகை என்பது ஐதீகம். அறுபடை வீடுகளில் ஐந்தாவது. கந்த சஷ்டியின்போது மற்ற இடங்களில் சூரசம்ஹாரம் நடக்கும்; இங்கே நடப்பதில்லை. கோபம் போன பிறகு ஏது யுத்தம்? புஷ்பாஞ்சலிதான். ஆனால் அந்த மலையடிவாரத்திலேயே மனிதர்களின் சினம் தணியச் சில வருஷங்கள் பிடித்தன.

இதே ஊரில் 1888 செப்டம்பர் 5ஆம் தேதி தெலுங்கு பேசும் குடும்பம் ஒன்றில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ராஷ்டிரபதியான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு ஜில்லாவில் இருந்தது. 1911இல் புதிதாகச் சித்தூர் ஜில்லாவை உண்டாக்கியபோது அதில் போய்ச் சேர்ந்தது. 1960இல் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஊர் ஓரடிகூட நகரவில்லை. ஜில்லாதான் நகர்ந்துகொண்டே இருந்தது.

1911இல் இதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க நியாயமில்லை. தமிழரும் தெலுங்கரும் ஒரே சென்னை மாகாணத்தில் கூட்டுக் குடும்பமாக இருந்த காலம் அது. கலெக்டர் கச்சேரி சித்தூரில் இருந்தால் என்ன, வேலூரில் இருந்தால் என்ன? பாகப் பிரிவினைப் பேச்சு எழுந்தபோதுதான் எல்லைக்கல் எங்கே என்ற கேள்வியும் எழுந்தது.

ஆந்திரருக்குத் தனி ராஜ்யம் கேட்டுப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19ஆம் தேதி சென்னை மயிலாப்பூரில் உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15ஆம் தேதி இரவு உயிர் நீத்தார். சில தினங்களில் பிரதமர் நேரு ஆந்திர ராஜ்யம் அமையும் என்று அறிவித்தார். 1953 அக்டோபர் முதல் தேதி அது பிறந்தது.

அந்தப் பிரிவினையில் மிகப் பெரிய சண்டை சென்னைப் பட்டணத்துக்காகவே நடந்தது. இங்கேதான் ஜெரூசலம் கதை நினைவுக்கு வருகிறது. பட்டணத்தை இரு ராஜ்யங்களுக்கும் பொதுவாக வைக்கலாம், மத்திய சர்க்காரின் நேர் நிர்வாகத்தில் விடலாம் என்றெல்லாம் யோசனைகள் எழுந்தன. அதாவது, பொது மனிதரிடம் சாவி! ம.பொ. சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகமும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். "தலை கொடுத்தேனும் தலைநகரைக் காப்போம்" என்ற கோஷம் அப்போது பிறந்ததுதான். முதன்மந்திரி ராஜாஜியும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆந்திரத்தின் தலைநகர் ஆந்திர எல்லைக்குள்தான் அமையும் என்று 1953 மார்ச்சில் நேரு அறிவித்த பிறகே சென்னைவாசிகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பட்டணம் தப்பியது. ஆனால் சித்தூர் ஜில்லா அப்படியே ஆந்திரத்தோடு போயிற்று. அதோடு திருப்பதியும் போயிற்று, திருத்தணியும் போயிற்று. நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் ஒன்றான ரத்தின சபை உள்ள திருவாலங்காடும் போயிற்று. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்தார் என்று நாம் கதை சொல்லும் அதே ஆலங்காடு!

திருத்தணி வட்டாரத்தில் தமிழ் கற்பித்து வந்த மங்கலங்கிழார் என்ற புலவர் வட எல்லைக் கிளர்ச்சிக்கு வித்திட்டவர்களில் ஒருவர். அவருடைய அழைப்பை ஏற்று ம.பொ.சி. அங்கே வந்தார். திருத்தணியைச் சேர்ந்த கே. விநாயகம் உள்ளூரில் முன்னின்று நடத்தினார். மறியலும் கடையடைப்பும் நடந்தன. பலர் சிறை சென்றார்கள். சிறையிலேயே உயிர் விட்டவர்களும் உண்டு.

கிராமம் கிராமமாக

கடைசியில் சென்னை ராஜ்யமும் ஆந்திரமும் ஒரு மத்தியஸ்தரை ஏற்றுக்கொண்டன. அவர் பெயர் ஹரி விநாயக் படாஸ்கர். மகாராஷ்டிரர், சட்டம் தெரிந்தவர், நேரு மந்திரி சபையில் இருந்தவர். தமிழரும் அல்லர், தெலுங்கரும் அல்லர். ஜெரூசலத்துக்கு ஐ.நா. தேடிய அதே மாதிரி மூன்றாம் மனிதர். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அவரை ஊரை ஆளக் கூப்பிடவில்லை. அளந்து கொடுத்துவிட்டுப் போகத்தான் கூப்பிட்டார்கள்.

படாஸ்கர் கடைப்பிடித்த முறை எளிமையானது. தாலுக்கா, ஜில்லா என்று மொத்தமாகப் பார்க்காமல் கிராமத்தையே அளவாக வைத்துக்கொண்டார். அந்தக் கிராமத்தில் எந்த மொழி பேசுவோர் அதிகம்? அது எந்த ராஜ்யத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கிடைத்த பதிலை வைத்துக் கோடு கிழித்தார். அந்த முறைக்குப் "படாஸ்கர் சூத்திரம்" என்றே பெயர் வந்துவிட்டது. மகாராஷ்டிரத்துக்கும் கர்நாடகத்துக்கும் நடக்கும் எல்லை வழக்கில் இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள்.

காமராஜ் சென்னையில் முதன்மந்திரி. ஆந்திரத்தில் சஞ்சீவ ரெட்டி. இருவர் காலத்திலும் விஷயம் முடிவுக்கு வந்தது. பார்லிமெண்டு 1959இல் எல்லை மாற்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி தாலுக்காவும் பள்ளிப்பட்டு வட்டாரமும் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களோடு சென்னை ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தன. பதிலுக்கு, பொன்னேரி, திருவள்ளூர் தாலுக்காக்களிலிருந்து சத்தியவேடு பகுதியும், சேலம் ஜில்லாவிலிருந்து சில கிராமங்களும் ஆந்திரத்துக்குப் போயின. திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அப்போது உபராஷ்டிரபதி!

திருப்பதி வரவில்லை. தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாகச் சொல்லும் வேங்கடம் அது. அந்த ஏக்கம் ம.பொ.சி.க்குக் கடைசி வரை இருந்தது.

கோடு தடுக்காதவை

திருப்பதி நமக்கு வரவில்லை என்றேன். ஆனால் நாம் திருப்பதிக்குப் போவது நின்றதா? அங்கேதான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

மார்கழி முப்பது நாளும் திருமலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஆண்டாளின் திருப்பாவைதான் ஒலிக்கிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குச் சென்னையிலிருந்து திருக்குடைகள் ஊர்வலமாகப் போகின்றன. திருத்தணிப் படிகளிலோ ஆடிக் கிருத்திகையன்று தெலுங்குப் பேச்சு கேட்காத இடமே இல்லை. நகரி, புத்தூர், சித்தூர் பக்கத்திலிருந்து பூக்காவடி எடுத்து வருகிறவர்களை, "நீ எந்த ராஜ்யம்?" என்று கேட்பவர் யாருமில்லை.

ஜெரூசலத்தில் 1949இலிருந்து 1967 வரை என்ன நடந்தது? புண்ணிய ஸ்தலங்களுக்குப் போய்வர வழிவிடுவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும், யூதர்கள் மேற்கு மதிலுக்குப் போக முடியவில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் மட்டும் இஸ்ரேலில் உள்ள கிறிஸ்தவர்கள் சிலருக்கு வாசலைத் தாண்ட அனுமதி. இன்றைக்கு மேற்குக் கரையில் வாழும் பாலஸ்தீனியர் அல் அக்ஸாவில் தொழ வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டும் சோதனைச் சாவடியும் குறுக்கே நிற்கின்றன. சாமி கும்பிடச் சீட்டு! நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஆனால் அந்த நகரத்திலேயே ஓர் அதிசயமும் உண்டு. ஏசுநாதரின் கல்லறைத் தேவாலயத்தில் ஆறு கிறிஸ்தவப் பிரிவினருக்குப் பாத்தியதை இருக்கிறது. அவர்களுக்குள் தகராறு வரக்கூடாது என்று பல நூற்றாண்டுகளாக அதன் சாவியை வைத்திருப்பதும் கதவைத் திறப்பதும் இரண்டு முஸ்லிம் குடும்பங்கள்தாம். பெரிய சபைகளால் முடியாதது, எல்லோரும் மனமொப்பிய சிறிய ஏற்பாட்டில் முடிந்திருக்கிறது பாருங்கள்.

நமக்கு நாமே முதுகில் தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. அங்கே இரண்டு தேசங்கள், பட்டாளங்கள், வீடிழந்த லட்சக்கணக்கான அகதிகள். இங்கே இரண்டு ராஜ்யங்கள். இரண்டுக்கும் மேலே ஒரே பார்லிமெண்டு, ஒரே சுப்ரீம் கோர்ட்டு. கோட்டைத் தாண்டினால் ரூபாய் மாறாது, ரயில் நிற்காது. இந்த ஒரு சௌகரியத்தால்தான் நமக்கு முதல் கோபம் தணிந்தது. தாய்வீடு ஒரு ராஜ்யத்திலும் புகுந்த வீடு இன்னொரு ராஜ்யத்திலும் இருந்தால் என்ன, தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து போகத் தடையில்லையே!

கொடுத்த நிலமும் தங்கிய கடனும்

திருத்தணிக்கு ஈடாக நாம் கொடுத்த சத்தியவேடு இன்று எப்படி இருக்கிறது தெரியுமா? கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி, எளாவூர் சோதனைச் சாவடியும் ஆரம்பாக்கமும் கடந்தால் ஆந்திரத்தின் தடா. அதற்கு மேற்கே சத்தியவேட்டையும் வரதய்யபாளையத்தையும் ஒட்டி, 2008இல் தொடங்கிய ஸ்ரீசிட்டி என்ற பெரிய தொழில் நகரம் எழுந்திருக்கிறது. ஏ.ஸி. யந்திரத்திலிருந்து சாக்லேட் வரை அங்கே தயாராகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்துப் பெண்கள் காலையில் கம்பெனி பஸ் ஏறி அங்கே வேலைக்குப் போகிறார்கள். ஆந்திரத்து ஊர்களிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்களும் இருக்கிறார்கள். தாத்தாக்கள் மறியல் செய்த எல்லையைப் பேத்திகள் டிபன் டப்பாவோடு தினம் இரண்டு முறை தாண்டுகிறார்கள்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. கிராமத்தை அளவாக வைத்துக் கோடு கிழித்தபோது, ஒவ்வொரு கிராமத்திலும் சிறுபான்மையாக இருந்தவர்கள் கோட்டுக்கு எதிர்ப்புறத்தில் தங்கிவிட்டார்கள். பள்ளிப்பட்டிலும் ஆர்.கே. பேட்டையிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எத்தனையோ. சத்தியவேட்டிலும் நகரியிலும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் எத்தனையோ. பட்டாவும் பத்திரமும் ஒரு மொழியில். தாலாட்டு இன்னொரு மொழியில். தமிழ்நாட்டில் 2006இல் வந்த சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியபோது, தெலுங்கு முதலிய சிறுபான்மை மொழியினர் தங்கள் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு நீதிமன்றம் வரை போனார்கள். அந்தப் பக்கத்துத் தமிழ்த் தாய்மார்களின் கவலையும் இதுவேதான். பேரனுக்குப் பாட்டியின் கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் போய்விடுமோ என்ற கவலை.

நமக்கு ஆந்திரத்துத் தமிழ்க் குழந்தைகளைப் பற்றி மனம் துடிக்கிறது, நியாயம். அந்தத் துடிப்பில் பாதியாவது நம் பக்கத்துத் தெலுங்குக் குழந்தைகளைப் பற்றியும் இருக்க வேண்டாமா? எல்லைக்கு இருபுறமும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார், ஒரு பாடப் புத்தகம் என்று அந்தந்த மொழிக்கு இடம் வைத்துவிட்டால், படாஸ்கர் கோடு கிழிக்காமல் விட்ட மிச்சமும் தீர்ந்துவிடும்.

பூஜை அறை ஒருவர் பங்கில் சேர்ந்தது என்று பார்த்தோம் அல்லவா? அறையைப் பெற்றவருக்கு ஒரு கடமை உண்டு. மற்றவர் குடும்பம் வரும்போது கதவு திறந்திருக்க வேண்டும். அது மட்டும் போதாது. தன் கூரையின் கீழேயே தங்கிவிட்ட அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கள் பாஷையில் சாமி கும்பிட்டுக்கொள்ளவும் இடம் தர வேண்டும். திருத்தணி அறுபதாண்டுகளுக்கு மேலாக நம்முடையதாக இருக்கிறது. இனி வழக்கில்லை. ஆகவே, தாராளமாக இருப்பதற்கு நமக்கு என்ன தடை?